காய்ச்சல்காரனுக்கு மூக்கு வேணுமா?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எனக்குக் கத்திச்சண்டை தெரியாது, சிலம்பம் தெரியாது, எலுமிச்சம்பழம் நறுக்கச் சொன்னா விரலையும் சேர்த்து நறுக்கிக்கிற ரகம். அப்படிப்பட்டவன் வீட்டு அலமாரியில ஏழு பழைய ஆயுதம் துணி சுத்திப் படுத்திருக்கு. "சிங்கப்பூர் வந்தவங்க எல்லாம் தங்கம் வாங்கினாங்க, எங்க வீட்டுக்காரர் துரு வாங்கினார்"னு தங்கமணி எங்க அத்தைகிட்ட போன்ல சொல்லுவாங்க. (நான் பக்கத்து ரூம்ல இருக்கேன்னு தெரிஞ்சேதான்.)

நான் வாங்கினது அதுல இருக்கிற வேலைப்பாட்டுக்காக. ஜாவா, பாலி, சுமத்ரா, மலாய்த் தீபகற்பம், போர்னியோ, தென் பிலிப்பைன்ஸ், பர்மான்னு இந்தப் பக்கத்துக் கொல்லர்களும் மரம் செதுக்குறவங்களும் விரல்நுனி அகலத்துக்கு இடம் கிடைச்சாலும் சும்மா விட்டதில்லை. ஒரு கொடி, ஒரு மிருகம், ஒரு கண்ணு, ஏதாவது ஒண்ணு உட்கார்ந்திருக்கும். நம்ம ஊர்ல கோவில் தூணைச் சுத்தி வரும்போது அடிப்பக்கத்துல யாரும் பார்க்காத இடத்துல ஒரு குரங்கு பலாப்பழம் தின்னுக்கிட்டு இருக்குமே, அந்த மாதிரி.

என்னை மாதிரி கிறுக்கு இன்னும் அஞ்சு பேர் இங்கே மாட்டினாங்க. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை பிடோக்ல பாக்சிக் வீட்டு ஹால்ல கூடுவோம். பாக்சிக்னா மலாய்ல சித்தப்பா, பெரியவர்னு வெச்சுக்கலாம். கப்பல் பட்டறையில மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். எங்க கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி, அதைப் போட்டதும் அவர்தான். யாரும் முழு ஆயுதத்தையும் தூக்கிக் காட்டிப் பெருமை அடிக்கக் கூடாது. மேஜை மேல ஒரு வெள்ளைத்துணி, அதுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. ஆயுதத்தை அடியில வெச்சு, அந்த ஓட்டை வழியாத் தெரியற இடத்தைப் பத்தி மட்டும்தான் பேசணும். நீளம், விலை, எந்த ராஜா வெச்சிருந்தார்ங்கிற புருடா எல்லாம் கட். விதி சின்னதுதான், ஆனா இதுல கண்ணு பழகுற மாதிரி வேற எதுலயும் பழகாது.

நான் முதல் தடவை காட்டினது ஒரு யானையை. சோலோ நகரத்துல த்ரிவிண்டுன்னு ஒரு பழம்பொருள் சந்தை இருக்கு, அங்கே வாங்கின சாதாரண ஜாவா கெரிஸ். ஏழு வளைவு, உறை எல்லாம் பின்னாடி மாத்தினது, யாரும் மதிக்க மாட்டாங்க. ஆனா அலகோட அடிப்பக்கம், பிடிக்குப் பக்கத்துல, ஒரு சின்னச் சுருள் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். ஜாவாக்காரங்க அதை "கெம்பாங் காச்சாங்"னு சொல்றாங்க, அவரைப்பூன்னு அர்த்தம் வர்ற மாதிரி. மலாய்க்காரங்க அதையே "பெலாலை காஜா", அதாவது யானைத் தும்பிக்கைங்கிறாங்க. அதுக்குக் கீழே ஒரு சின்னப் பல் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிறதுக்கு ஜாவாவுல பேர் "லம்பே காஜா", யானை உதடு. இதைக் கேக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் அந்தக் கெரிஸை வெச்சிருந்தேன், எனக்கு அது வெறும் கொக்கி. கேட்டதுக்கப்புறம் பாருங்க, யானையைத் தவிர வேற எதுவும் தெரியலை! பூன்னு பார்த்தாப் பூ, யானைன்னு பார்த்தா யானை. இரும்பை அரத்தால ராவி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு இதை வெச்சிருக்கான் ஒருத்தன்.

அதுக்கு எதிர்ப்பக்கம், அலகோட அடி வாள்பல்லா முடியற இடத்துல இன்னொரு வேலை: "ரொன் டா". ஜாவா எழுத்துல "ட" மாதிரி ஒரு எழுத்து இருக்கு, அந்த எழுத்தோட வளைவையே இரும்புல வெட்டி வெச்சிருப்பாங்க. நல்ல கொல்லர் வெட்டினதா, அவசரத்துல வெட்டினதான்னு இந்த ஒரு இடத்தை வெச்சே நிறைய பேர் சொல்லிடுவாங்க. கையெழுத்து பார்த்து ஆளைச் சொல்ற மாதிரிதான்.

நிற்க. கெரிஸுக்கு ஜாவாவோட இலக்கிய மொழியில இன்னொரு பேர் உண்டு: "சுரிகா". நம்ம பழைய தமிழ்ல குத்துவாளுக்குச் சுரிகைன்னு ஒரு சொல் இருக்கு. இரண்டும் ஒரே வடமொழிச் சொல்லுல இருந்து கிளைச்சது. உடனே "கெரிஸ் தமிழன் கண்டுபிடிச்சது"ன்னு கிளம்பிடாதீங்க. சொல் பயணம் போயிருக்கு, அவ்வளவுதான். கத்தி அவங்க ஊர்ல பொறந்தது.

சரி, வளைவு விஷயத்துக்கு வருவோம். கெரிஸ்னாலே பாம்பு மாதிரி நெளிஞ்சிருக்கும்னு நினைப்போம். நேரா இருக்கிறதும் நிறைய உண்டு. நெளிவு இருந்தா அதோட எண்ணிக்கை ஒற்றைப்படையில மட்டும்தான் வரும். அலகு மேல வெள்ளியும் கறுப்புமா ஓடற கோலம் இருக்கே, அதுக்குப் பேர் "பாமோர்". சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கு அடுக்கா வெச்சு, உலையில காய்ச்சி, அடிச்சு, மடிச்சு, திரும்ப அடிச்சு உண்டாக்குறது. அப்புறம் எலுமிச்சைச் சாறும் ஆர்சனிக் பாஷாணமும் சேர்ந்த கலவையைத் தடவினா இரும்பு கறுத்துப் போகும், நிக்கல் மட்டும் வெள்ளையா நிக்கும். (வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. எலுமிச்சையால பிரச்சினை இல்லை.) கோலத்துக்கெல்லாம் அழகழகாப் பேர். "பெராஸ் வூத்தா"ன்னா சிந்தின அரிசி. "ஊடான் மாஸ்"னா தங்கமழை, வட்டத்துக்குள்ள வட்டமா சொட்டுச் சொட்டா இருக்கும். தென்னங்கீத்து மாதிரி ஒண்ணு, மீன் முள்ளு மாதிரி ஒண்ணு.

இந்தக் கோலம் அழகுக்கு மட்டுமில்லை, திருட்டையும் காட்டிக் கொடுக்கும். சந்தையில நெளிவு இருக்கிற கெரிஸுக்கு மவுசு அதிகம், நாகம் செதுக்கினதுக்கு இன்னும் அதிகம். அதனால நேரான பழைய அலகை எடுத்து, ராவி நெளிவு பண்ணிடுவாங்க. வெறும் அலகுல புதுசா ஒரு பாம்பைச் செதுக்கிடுவாங்க. கண்டுபிடிக்கிறது எப்படி? பாமோர் ரேகையைப் பாருங்க. காய்ச்சி அடிச்சு வளைச்ச அலகுல ரேகையும் கூடவே வளைஞ்சு வளைஞ்சு ஓடும். ராவி வளைச்சதுல ரேகை நேராப் போய் ஓரத்துல முட்டி அறுந்து நிக்கும். எங்க தாத்தா கலப்பைக்கு மரம் தேடும்போது தானா வளைஞ்ச கிளையாத்தான் தேடுவார். பலகையை வளைவா அறுத்துப் பண்ணினா நார் அறுந்துடும், கட்டியில மாட்டினா ஒடியும்னு சொல்லுவார். அதே கதை.

இதுக்காக இப்ப கெரிஸ் பண்றவங்களைக் குறை சொல்லக் கூடாது. மதுரா தீவுல சுமெனெப் பக்கம் அயெங் தோங் தோங்னு ஒரு கிராமம், ஊரே கெரிஸ் பட்டறைதான். இன்னிக்கும் பிரமாதமான வேலை பண்றாங்க. கெரிஸை யுனெஸ்கோ 2005-ல மனிதகுலத்தோட மரபுச் செல்வம்னு அறிவிச்சது, 2008-ல பட்டியல்ல சேர்த்தது, எல்லாம் இவங்க கை இன்னும் நிக்காம ஓடறதாலதான். புதுசைப் புதுசுன்னு வித்தா ஒரு தப்பும் இல்லை. நடுவுல ஒருத்தர் அதுக்கு முந்நூறு வயசு ஏத்தும்போதுதான் வம்பு.

எங்க கூட்டத்துல அதிகமா சண்டை நடந்தது ஒரு மூக்குக்காக. பினாங்கு அண்ணன்னு ஒருத்தர், தமிழ் முஸ்லிம், துணி வியாபாரம். அவர்கிட்ட ஒரு "தாஜோங்" பிடி இருக்கு. பட்டானி, கிளந்தான் பக்கத்து வேலை. மூஞ்சியில இருந்து நீளமா ஒரு மூக்கு மேல நோக்கி நீட்டிக்கிட்டு இருக்கும். பார்த்தவங்க எல்லாம் மீன்கொத்தின்னுதான் சொல்லுவாங்க. மலாய்லயும் "பெக்காக்கா"ன்னு மீன்கொத்திப் பேரே நிலைச்சுடுச்சு. அண்ணன் அந்த ஓட்டை வழியா மூக்கைக் காட்டலை. மூக்குக்கு அடியில காட்டினார். பல்லு! வரிசையா, இளிச்சுக்கிட்டு. "எந்த ஊர் மீன்கொத்திக்குய்யா பல்லு இருக்கு?" அவ்வளவுதான், அன்னிக்கு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அதுதான் பேச்சு. அது ராட்சசன், நிழல்கூத்துப் பாத்திரங்களோட சொந்தக்காரன்ங்கிறது அண்ணன் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். பெயர் வெச்சதுக்கு அப்புறம் யாரும் பொருளைப் பார்க்கிறதில்லை, பேரைத்தான் பார்க்கிறாங்க.

சரவாக் நண்பர் காட்டினது ஒரு பாராங் இலாங். கலிமந்தான் பக்கம் இதை மாண்டாவ்னு சொல்லுவாங்க. பிடி மான்கொம்பு, அதுல ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டுப் போற சுருள்கள். எது அட்டை, எது கொடி, எது நாய்ன்னு பிரிக்கவே முடியாது. ஆனா அவர் துணி ஓட்டையில வெச்சது பிடியை இல்லை, அலகை. ஒரு பக்கம் லேசா உப்பியிருக்கு, இன்னொரு பக்கம் லேசாக் குழிஞ்சிருக்கு. வலதுகைக்காரனுக்குப் பண்ணினது வேற, இடதுகைக்காரனுக்குப் பண்ணினது வேற. அவரோடது இடதுகைக்காரனுக்குப் பண்ணினது. அவர் சொல்லி முடிச்சதும் ஒரு நிமிஷம் யாரும் பேசலை. யாரோ ஒரு இடதுகைக்காரன் அங்கே வந்து உட்கார்ந்துட்ட மாதிரி இருந்தது. அலகுல பதிச்சிருக்கிற பித்தளைப் பொட்டு ஒவ்வொண்ணும் ஒரு தலைக்கணக்குன்னு விக்கிறவங்க சொல்ற கதையை நான் நம்பறதில்லை. பொட்டு வெச்சவன் கொல்லன், அலகு பட்டறையை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடியே வெச்சுட்டான்.

பிலிப்பைன்ஸ்காரர் ஒருத்தர் சூலு பக்கத்து "பாரோங்" கொண்டு வருவார். இலை மாதிரி அகலமான அலகு, பிடி காகட்டுவாக் கிளி மாதிரி, கொண்டையும் அலகும் மடிச்சு வெச்ச மாதிரி. அழகுதான், ஆனா எனக்கு ஏனோ ஒட்டலை. பர்மா "தா" வாள் ஒண்ணு ஒரே ஒரு தடவை வந்தது. கறுத்த அலகு முழுக்க வெள்ளியில புத்தரோட ஜாதகக் கதை, பர்மிய எழுத்துல விளக்கத்தோட! படக்கதைப் புத்தகத்தைக் கத்தியில அச்சடிச்ச மாதிரி. அந்த வாளை வெச்சு யாராவது சண்டை போட்டிருந்தா எதிராளி படிச்சுக்கிட்டே செத்திருப்பான்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு அலட்டலா?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு பெரிய விஷயம் சொல்றேன். ஜாவாவுல 1825-ல இருந்து 1830 வரைக்கும் டச்சுக்காரங்களை எதிர்த்துப் போர் நடத்தினவர் இளவரசர் திபநெகொரோ. அவரோட கெரிஸ் ஒண்ணு 1831-ல நெதர்லாந்து ராஜாவுக்குப் பரிசாப் போச்சு. அப்புறம் அருங்காட்சியகம் மாறி, பெட்டி மாறி, எது அதுன்னே தெரியாமப் போயிடுச்சு. பல வருஷம் தேடி, லெய்டன் அருங்காட்சியகத்துல இருக்கிற ஒண்ணுதான் அதுன்னு முடிவு பண்ணி, 2020 மார்ச்சுல இந்தோனேசியாவுக்குத் திருப்பிக் கொடுத்தாங்க. அதைக் கண்டுபிடிக்க உதவினதுல ஓவியர் ராடன் சாலே எழுதி வெச்ச ஒரு பழைய குறிப்பும் உண்டு. அதுல பேர் "நாக சிலுமான்"னு இருக்கு. மாயமா மறையற நாகம். அந்த வகைன்னா தலை மட்டும் தெரியணும், உடம்பு இரும்புக்குள்ள மறைஞ்சுடணும். ஆனா வந்து சேர்ந்த கெரிஸ்ல நாகத்தோட உடம்பு தெரியுதே, அப்ப இது வேற வகையாச்சேன்னு விஷயம் தெரிஞ்சவங்க கேள்வி கேட்டாங்க. ஒரு தேசத்தோட நாயகன் கையில இருந்தது இதுதானான்னு கேள்வி. அது வந்து நிக்கிறது ஒரு பாம்போட உடம்பு எங்கே முடியுதுங்கிற இடத்துல. அங்கே யாராவது நல்லெண்ணத்துல "கொஞ்சம் தெளிவாச் செதுக்கி வெப்போம்"னு உளியை வெச்சிருந்தா? கதை முடிஞ்சது.

இதை எல்லாம் இவ்வளவு நீட்டி எழுதினதுக்குக் காரணம் பாக்சிக்கோட காய்ச்சல்காரன்.

மலாய்க் கெரிஸ்ல ரொம்பப் பரவலா இருக்கிற ஒரு பிடிக்கு "ஜாவா டெமாம்"னு பேர். காய்ச்சல் வந்த ஜாவாக்காரன்னு அர்த்தம். ஒரு ஆள் தோளைக் குறுக்கி, வயித்தைக் கையால கட்டிக்கிட்டு, தலையைச் சாய்ச்சு உட்கார்ந்திருக்கிற உருவம். நிஜமாவே குளிர்காய்ச்சல்ல நடுங்கற மாதிரிதான் இருக்கும். உருவம் பழைய தெய்வமோ ராட்சசனோ, இஸ்லாம் வந்ததுக்கப்புறம் மூஞ்சி மங்கி, கொடியும் இலையுமா மாறிடுச்சுன்னு பரவலா ஒரு விளக்கம் உண்டு. பாக்சிக்கோட பாட்டனார் ரியாவ் தீவுப் பக்கத்துல இருந்து வந்தவர், அவரோட கெரிஸ் அப்படியே பாக்சிக் வரைக்கும் வந்துடுச்சு. அலகு சுமார். பிடி கெமுனிங் மரம். இந்த மரம் வேற யாரும் இல்லை, நம்ம கறிவேப்பிலைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் முறை. மஞ்சளாப் பிறந்து, கை படப்பட தேன் நிறமாகி, கடைசியில பழம்புளி நிறத்துக்கு வந்துடும்.

அந்தக் காய்ச்சல்காரனுக்கு மூஞ்சி கிடையாது. மூக்கு இருந்த இடம் கூழாங்கல் மாதிரி வழவழன்னு இருக்கு. பாட்டனார் வியாழக்கிழமை சாயங்காலம் அலகுக்கு எண்ணெய் போட்டுட்டு, உறையில போட்டு மடியில வெச்சுக்கிட்டு, பேசிக்கிட்டே பெருவிரலால அந்த இடத்தைத் தேய்ச்சுக்கிட்டே இருப்பாராம். அப்புறம் பாக்சிக்கோட அப்பா. அப்புறம் இவர். நாங்க பேசிக்கிட்டு இருக்கும்போது இவர் விரல் அங்கே போறதை நானே பார்த்திருக்கேன்.

பேரனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆச்சு. மலாய்க் கல்யாணத்துல மாப்பிள்ளை ஒருநாள் ராஜா, இடுப்புல கெரிஸ் உண்டு. வாடகைக்கு எல்லாம் வேண்டாம், நம்ம வீட்டுக் கெரிஸே இருக்கட்டும்னு பாக்சிக்கோட மக ஆசைப்பட்டாங்க. அதோட நிக்கலை. ஒரு கடையில கொண்டு போய்க் காட்டியிருக்காங்க. கடைக்காரர் எல்லாத்துக்கும் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துட்டார்: பிடியை உப்புத்தாள் போட்டு வெளுத்து, மூஞ்சியைத் திரும்பச் செதுக்கி, வார்னிஷ் அடிச்சு, அடியில தங்கமுலாம் கிண்ணம் ஒண்ணு. "செஞ்சா விலையும் கூடும்"னு கடைசியில ஒரு வரி வேற.

அந்த மாசக் கூட்டத்துல பாக்சிக் துணி ஓட்டைக்கு அடியில வெச்சது அந்த மழுங்கின மூஞ்சியை. எங்களுக்கு எல்லாம் பகீர்னு ஆயிடுச்சு. சரவாக் நண்பர் தலையில கை வெச்சுக்கிட்டார். நான் என் பங்குக்கு திபநெகொரோ கதையை ஆரம்பிச்சேன். உள்ளே வாழைக்காய் பொரிச்சுக்கிட்டிருந்த அந்தப் பொண்ணு அகப்பையோட வந்து நின்னாங்க.

"தம்பி, இது உங்க மியூசியத்துப் பொருள் இல்லை. எங்க வீட்டுப் பொருள். என் மகன் இடுப்புல இருக்கப் போகுது. மூஞ்சி இல்லாத பொம்மையை எப்படி வெச்சுக்குவான்? போட்டோ எடுக்கிறவன் என்னன்னு கேக்க மாட்டானா?"

நியாயமான கேள்வி. சேகரிக்கிறவங்க வியாதியே இதுதான். அடுத்தவன் வீட்டுச் சொத்துக்கு நாம காவல்காரன் ஆயிடறது. பழசு பழசாவே இருக்கணும்னு சொல்ற நாங்க யாரும் அந்தக் கெரிஸை இடுப்புல சொருகப் போறதில்லை. அதோட, கெரிஸ் வழக்கத்துலயே மாத்தறதுக்கு நிறைய இடம் உண்டு. சோலோ அரண்மனை முறையில ஒரே அலகுக்கு இரண்டு உறை வெச்சுக்குவாங்க. சபைக்குப் போக லாட்ராங், சும்மா நாளைக்கு காயாமான். பிடியையும் மாத்துவாங்க. அலகுதான் ஆள், மத்ததெல்லாம் அவன் உடுத்தற வேட்டி சட்டைங்கிற கணக்கு. "மாத்தவே கூடாது"ன்னு சொல்ல எங்களுக்கு எந்தச் சாஸ்திரமும் துணை இல்லை.

பினாங்கு அண்ணன்தான் கடைசியில வாயைத் திறந்தார். அவர் அந்தப் பொண்ணுகிட்ட லென்ஸைக் கொடுத்தார். "தங்கச்சி, மூக்கு இருந்த இடத்தைப் பாரு. பக்கத்துக் கன்னத்தை விட மேடா இருக்கா, பள்ளமா இருக்கா?"

அவங்க பார்த்தாங்க. "பள்ளம்தான்."

"அப்ப மூக்கு எங்கே இருந்து வரும்? மரத்துல ஒட்ட வெக்க முடியாது, எடுக்கத்தான் முடியும். இந்த ஆளுக்கு மூக்கு வேணும்னா கன்னத்தை வெட்டணும். கன்னத்தை வெட்டினா தோளு பெரிசாத் தெரியும், அதையும் வெட்டணும். அப்புறம் கை, வயிறு. எல்லாம் முடிஞ்சா மூக்கு இருக்கும், உன் கொள்ளுத்தாத்தா செதுக்கி வாங்கின ஆள் இருக்க மாட்டான். அவரு விரல் பட்ட மரம் அத்தனையும் தூளாக் கீழே கிடக்கும்."

நான் பத்து நிமிஷம் வரலாறு பேசி ஆகாதது இந்த ஒரு கேள்வியில ஆச்சு. அவங்க ரொம்ப நேரம் லென்ஸை எடுக்கவே இல்லை. வாழைக்காய் கருகற வாசனை வந்தப்பறம்தான் உள்ளே ஓடினாங்க.

முடிவு பாக்சிக் எடுத்தது. பழைய ஆளை யாரும் தொடக்கூடாது. கல்யாணத்துக்குப் புதுசா ஒரு காய்ச்சல்காரன். கிளந்தான்ல செதுக்குற ஒருத்தரை அண்ணனுக்குத் தெரியும், கெமுனிங் மரத்துலயே சொன்னோம். ஆறு வாரம் ஆச்சு. வந்து சேர்ந்தது எலுமிச்சம்பழ மஞ்சள்ல, மூக்கும் முழியுமா, இதழ் இதழா கொடி ஓட, அப்படியே பளபளன்னு. அந்தப் பொண்ணுக்கு முகம் மலர்ந்துடுச்சு. எனக்கும் பிடிச்சிருந்தது, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

பழைய பிடியைக் கழட்டறதுதான் பயமா இருந்தது. அலகோட காம்பு பிடிக்குள்ள துணி சுத்தி, இறுக்கமா உட்கார்ந்திருக்கும். காம்பு துருவேறியிருந்தா, வேகமாத் திருகினா முறிஞ்சுடும், அதோட அலகு அவ்வளவுதான். பாக்சிக் மெழுகுவத்தியை ஏத்தி அலகோட அடியை மட்டும் லேசாச் சூடு காட்டினார். துணியால பிடிச்சு, வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம். திரும்பச் சூடு. முக்கால் மணி நேரம். கப்பல் இன்ஜினைப் பிரிச்ச கை, அவசரமே படலை. கடைசியில "ப்ளக்"னு ஒரு சின்னச் சத்தத்தோட வந்துடுச்சு.

காம்பைச் சுத்தியிருந்தது நீலக் கட்டம் போட்ட ஒரு கைலித்துணிக் கிழிசல். நிறம் பாதி போயிருந்தது, துரு பாதி ஏறியிருந்தது. யார் கைலின்னு யாருக்குத் தெரியும். பாக்சிக் அதை மூக்குக்கிட்ட கொண்டு போனார், மடிச்சார், பழைய பிடியோட சேர்த்து ஒரு மைலோ டின்ல போட்டு மூடினார். எங்க யார் கையிலயும் கொடுக்கலை, லென்ஸ் எடுத்த நானும் லென்ஸைப் பையில வெச்சுக்கிட்டேன்.

புதுப் பிடிக்குள்ள சுத்தறதுக்குத் துணி வேணுமே? மாப்பிள்ளைச் சட்டை தைச்ச மிச்சத்துல ஒரு துண்டு கிழிச்சுக் கொடுத்தாங்க அந்தப் பொண்ணு. பச்சை நிறம்.

கல்யாணம் ஜோரா நடந்தது. பிரியாணி பத்தி தனிப் பதிவே போடலாம். மாப்பிள்ளை மேடையில உட்காரும்போதெல்லாம் கெரிஸ் உறையோட முனை நாற்காலியில இடிச்சு இடிச்சு, பாதி நேரம் ஒருக்களிச்சே உட்கார்ந்திருந்தான். போட்டோக்காரர் பிடியை ரொம்ப நெருக்கமா வெச்சு நாலு படம் எடுத்தார். அந்தப் படம் இப்ப அவங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு.

போன மாசம் கூட்டத்துக்குப் போனப்ப கெரிஸ்ல பழைய ஆளே திரும்ப உட்கார்ந்திருந்தான், நீலக் கட்டத் துணியோட. புதுக் காய்ச்சல்காரன் மைலோ டின்னுக்குள்ள இருக்கான். இன்னும் இரண்டு பேரன் பாக்கி இருக்காங்களாம்.